முப்பது ரூபாய்க் குமாஸ்தா

கணித மேதை சீனிவாச இராமானுஜன் என்றதும் நம் நினைவுக்கு வருபவை ஒரு சில செய்திகளே. 1729 என்ற வாடகை வண்டியின் எண், கேம்பிரிட்ஜ், பேராசிரியர் ஹார்டி, முப்பத்திரண்டு வயதில் வந்த மரணம். நானும் அவரை இந்த அளவில்தான் அறிந்திருந்தேன். கணக்கியல் துறையில் இறுதியாண்டை எட்டிய பிறகு அவருடைய வரலாற்றைப் பொறுமையாகப் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அப்போது என் மனம் நின்ற இடம் கேம்பிரிட்ஜ் அன்று, மதராஸ் நகரம். 1910 முதல் 1913 வரை அவர் அந்நகரில் வேலை தேடி அலைந்ததும், பின்னர் ஒரு கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக அமர்ந்ததுமான மூன்று ஆண்டுகள்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த மூன்று ஆண்டுகளை மூன்று வரிகளில் கடந்துவிடுகின்றன. வறுமையில் வாடினார், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார், ஹார்டிக்குக் கடிதம் எழுதினார் என்று முடித்துவிடுவார்கள். அந்தக் குமாஸ்தா வேலையை ஒரு மேதைக்கு நேர்ந்த அவமானமாகவே பேசுவோரும் உண்டு. அந்த மேசைக்கு வேறொரு மதிப்பு உண்டு என்பதே என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை. சிறு பட்டணங்களிலிருந்தும் தோட்டப்புறங்களிலிருந்தும் தலைநகருக்கு வந்து, வங்கிகளிலும் தணிக்கை நிறுவனங்களிலும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் நம் தலைமுறைக்கு இந்தப் பகுதி நெருக்கமானது என்று கருதுகிறேன்.

சான்றிதழ் இல்லாத இளைஞர்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுபவர். ஆக, கணக்குப் பேரேடு என்பது அந்தக் குடும்பத்துக்குப் புதிதன்று. அந்த வீட்டு அடுப்பு எரிந்ததே தந்தை எழுதிய கடைக் கணக்கினால்தான்.

நகர உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அவர் பரிசுகள் பல பெற்ற மாணவர். 1904இல் பள்ளிப் படிப்பை முடித்துக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். அங்குதான் சரிவு தொடங்கியது. கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்கள் எதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தேறாததால் உதவித்தொகை பறிபோனது. 1906இல் மதராஸுக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பார்த்தார். உடல் இயங்கியல் போன்ற பாடங்கள் அவரைக் காலை வாரிவிட்டன. எஃப்.ஏ. எனப்பட்ட அன்றைய இடைநிலைத் தேர்வில் 1906இல் தோல்வி; மறு ஆண்டும் தோல்வி.

இன்று நாம் அவரைப் பற்றிப் பேசும்போது இந்தத் தோல்விகளைப் புன்னகையோடு சொல்கிறோம். முடிவு தெரிந்த கதை என்பதால் வரும் புன்னகை அது. 1909இல் அவர் வீட்டில் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜூலை மாதம் ஜானகி என்ற சிறுமியை அவருக்கு மணம் முடித்து வைத்தார்கள். வயது இருபத்தொன்று, பட்டம் இல்லை, வருமானம் இல்லை, ஒரு மனைவி வந்தாகிவிட்டது. போதாததற்கு உடல்நலமும் கெட்டது. 1910 ஜனவரியில் அவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அதற்குக்கூடக் குடும்பத்திடம் பணம் இல்லை. ஒரு மருத்துவர் மனமிரங்கிக் கட்டணம் வாங்காமல் செய்துவைத்தார்.

உடல் தேறியதும் அவர் வேலை தேடி மதராஸுக்குப் போனார்.

கையில் இருந்த நோட்டுப் புத்தகம்

அன்றைய மதராஸ் மாகாணத்தில் கும்பகோணத்து இளைஞன் ஒருவன் வேலை தேடுவதென்றால் அது பெரும்பாலும் எழுத்தர் வேலையையே குறிக்கும். அரசாங்க அலுவலகங்கள், வணிக நிறுவனங்கள், துறைமுகம், இரயில்வே என எங்கும் கணக்கு எழுதவும் கடிதம் படியெடுக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். ஆனால் அந்த நாற்காலிகளுக்கும் போட்டி இருந்தது. எஃப்.ஏ. தேறியவர்களும் பட்டம் பெற்றவர்களும் அதே வரிசையில் நின்றனர். இராமானுஜன் அந்த வரிசையின் கடைசியில் நின்றவர். மெட்ரிகுலேஷன் தேர்ச்சி என்ற ஒன்றைத் தவிர அவரிடம் காட்டுவதற்குச் சான்றிதழ் எதுவும் இல்லை.

நண்பர்கள் வீட்டில் தங்கிக்கொண்டு வீடு வீடாகச் சென்று எழுத்தர் வேலை கேட்டார். தேர்வுக்குத் தயாராகும் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துக் கொஞ்சம் சம்பாதித்தார். தாம் இருமுறை தவறிய அதே எஃப்.ஏ. தேர்வுக்குப் பிறரைத் தயார்செய்தார் என்பது அவர் வாழ்வின் வேடிக்கைகளில் ஒன்று. 1910இன் பிற்பகுதியில் மீண்டும் உடல் நலிந்தது. பிழைப்போமா என்ற அச்சம் அவருக்கே வந்துவிட்டது போலும். தம் கணித நோட்டுப் புத்தகங்களை இராதாகிருஷ்ண ஐயர் என்ற நண்பரிடம் கொடுத்து, தமக்கு ஏதேனும் நேர்ந்தால் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் இராஸ் என்பவரிடமோ ஒப்படைத்துவிடும்படி கேட்டுக்கொண்டார்.

வேலை இல்லாத ஓர் இளைஞர் தமக்குப் பின் காப்பாற்றப்பட வேண்டும் என்று நினைத்த சொத்து அந்த நோட்டுகள் மட்டுமே. ஏறத்தாழ பதினாறு வயதில் கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திரத் தொகுப்பு ஒன்று அவர் கைக்குக் கிடைத்ததிலிருந்து அவர் கண்டுபிடித்தவை அந்நோட்டுகளில் வரிசையாக இருந்தன. தாள் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் கணக்கைப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதுவது அவர் வழக்கம். அதனால் நோட்டில் விடைகள் இருந்தன, வழிமுறைகள் இல்லை. ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்தால் எழுதியவர் பெரும் மேதையாக இருக்க வேண்டும், இல்லையேல் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும்.

உடல் தேறியதும் அவர் நண்பரிடமிருந்து நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இரயிலேறி விழுப்புரம் வந்து, அங்கிருந்து திருக்கோவிலூர் சென்றார். அங்கே துணைக் கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர்தான். இராமானுஜன் அவரிடம் கேட்டது கணித ஆராய்ச்சிக்கான உதவியன்று. தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை. நோட்டுகளைப் புரட்டிய இராமசாமி ஐயர் வேலை தரவில்லை. வருவாய்த் துறையின் கடைசிப் படியில் இவரை உட்காரவைத்தால் இந்தத் திறமை மூச்சடைத்துப் போகும் என்று அவர் கருதினார். மாறாக, மதராஸில் உள்ள தம் கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார்.

ஒரு கழகம் திறந்த கதவுகள்

இந்த இடத்தில் நாம் சற்றுக் கவனிக்க வேண்டும். அதற்கு முன் இராமானுஜன் தட்டிய கதவுகள் முன்பின் தெரியாதவர்களின் கதவுகள். அவர்கள் பார்த்தது சான்றிதழை. இப்போது அவர் போன கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆசிரியர்களும் அரசு அதிகாரிகளும் ஓய்வு நேரத்தில் கணிதத்தின் மேல் கொண்ட காதலால் நடத்திய ஒரு சிறு கழகம், வேலையற்ற ஓர் இளைஞரைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டு சென்றது. மொழிக்காகவோ கலைக்காகவோ அறிவியலுக்காகவோ மாணவர்கள் கழகம் நடத்துவதைப் பொழுதுபோக்கு என்று கருதுவோர் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்கலாம்.

மதராஸில் அவர் சந்தித்தவர் பி.வி. சேஷு ஐயர். கும்பகோணம் கல்லூரியில் அவருக்குப் பாடம் சொன்னவர். அப்போது மாநிலக் கல்லூரியில் பணியாற்றி வந்தார். அவர் தந்த குறிப்போடு 1910 டிசம்பரில் நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவைச் சென்று பார்த்தார் இராமானுஜன். ராவுக்கு முதலில் ஐயம். இவை இவருடைய சொந்தக் கண்டுபிடிப்புகள்தாமா என்று சந்தேகப்பட்டார். பொறுமையோடு மீண்டும் மீண்டும் சென்று, எளிய முடிவுகளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விளக்கிய பிறகே ஐயம் நீங்கியது. அதன்பின் ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பத் தொடங்கினார். இராமானுஜன் மதராஸில் தங்கிக் கணிதத்தில் மூழ்கினார்.

1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பெர்னூலி எண்கள் எனப்படும் எண்களின் பண்புகள் குறித்தது அது. அதே இதழில் வாசகர்களுக்கு அவர் ஒரு புதிரும் விடுத்தார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றி நீண்டு செல்லும் ஒரு கோவையின் மதிப்பு என்ன என்பது வினா. ஆறு மாத காலம் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே விடையை வெளியிட்டார். அது வெறும் மூன்று.

பிறர் பணத்தில் வாழ மறுத்தவர்

மாதம் 25 ரூபாய் வருகிறது. செய்ய விரும்பிய வேலையைச் செய்ய நேரமும் இருக்கிறது. இந்த நிலையில் இன்னொருவராக இருந்தால் அப்படியே இருந்திருக்கலாம். இராமானுஜனால் முடியவில்லை. கல்வி உதவித்தொகை பெற்றுத்தர எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஒருவர் தயவில் நீண்ட நாள் வாழ்வதை அவர் விரும்பவில்லை. சுமார் ஓராண்டுக்குப் பிறகு மீண்டும் வேலை தேடத் தொடங்கினார் என்று இராமச்சந்திர ராவே பதிவு செய்திருக்கிறார்.

என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையில் இது ஒரு பெரிய முடிவு. கணிதத்தை அவர் விட்டுவிடவில்லை. அதே வேளையில், கணிதத்தைக் காரணம் காட்டித் தம் குடும்பத்தின் சுமையைப் பிறர் தோளில் ஏற்றிவைக்கவும் அவர் மனம் ஒப்பவில்லை. சோற்றுக்கு ஒரு வேலை, மீதி நேரத்துக்குக் கணிதம் என்று தமக்குத்தாமே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

1912 தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில், மதராஸ்காரர்களின் வழக்கில் சொன்னால் ஏ.ஜி. ஆபீசில், ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. சம்பளம் 20 ரூபாய். ஓராண்டாக வந்துகொண்டிருந்த உதவிப் பணத்தைவிட ஐந்து ரூபாய் குறைவு. அதுவும் சில வாரங்களே நீடித்தது. அந்த வேலையில் இருக்கும்போதே துறைமுகக் கழகத்தில் ஓர் எழுத்தர் இடம் காலியாக இருப்பதை அவர் அறிந்தார். 1912 பிப்ரவரி 9ஆம் நாள் தலைமைக் கணக்கருக்கு விண்ணப்பம் எழுதினார்.

அந்த விண்ணப்பம் இன்றும் பேசப்படுகிறது. திருவல்லிக்கேணி சம்மர் ஹவுஸ் என்ற முகவரியிலிருந்து எழுதப்பட்டது அது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்துச் சில இடையூறுகளால் தொடர இயலாமல் போனதையும் அவர் மறைக்காமல் சொல்கிறார். அதன் பிறகு தம் முழு நேரத்தையும் கணிதத்திற்கே செலவிட்டதைக் குறிப்பிடுகிறார். வேலை தந்தால் அதைச் சரிவரச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையையும் தெரிவிக்கிறார். படிப்பில் விழுந்த இடைவெளியைப் பூசி மெழுகவுமில்லை, அதற்காகக் கெஞ்சவுமில்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய பரிந்துரையும் உடன் சென்றது. இராமானுஜனின் கணிதத் திறமை வழக்கத்துக்கு அப்பாற்பட்டது என்று அவர் அதில் சான்று கூறியிருந்தார்.

மார்ச் 1ஆம் நாள் வேலை உறுதியானது. மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை எழுத்தர், கணக்குப் பிரிவு, மாதச் சம்பளம் 30 ரூபாய்.

துறைமுகத்து மேசை

இனி வருவதுதான் இக்கட்டுரையின் மையம். அந்த முப்பது ரூபாய் வேலை அவருக்கு என்ன தந்தது?

முதலாவதாக, ஒரு வீட்டைத் தந்தது. ஜார்ஜ் டவுன் பகுதியில், துறைமுகத்துக்கு நடந்து போகும் தொலைவில் அவர் பாட்டியோடு தங்கினார். பின்னர் ஜானகியும் தாயாரும் வந்து சேர்ந்தனர். திருமணமாகி மூன்றாண்டுகளுக்குப் பிறகே கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வாழத் தொடங்கினர். காலையில் அலுவலகம் போகுமுன் கணிதம். மாலையில் திரும்பியதும் கணிதம். சில நாள் விடியும்வரை கணிதம். அலுவலகத்தில் கணக்குகளை விரைவில் முடித்துவிட்டு மீதி நேரத்தில் தம் சொந்த ஆய்வைச் செய்வார். மேலதிகாரிகள் அதைக் கண்டும் காணாமல் இருந்தனர்.

இரண்டாவதாக, சரியான மனிதர்களின் அருகில் அவரை உட்காரவைத்தது. அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர், திருச்சி புனித வளனார் கல்லூரியில் கற்பித்தவர், இந்தியக் கணிதக் கழகத்தில் ஈடுபாடு கொண்டவர். இரவு நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்ந்து கணக்குப் போடுவார்களாம். இராமானுஜன் இரண்டு படிகளில் தாண்டும் இடத்தைப் பத்துப் படிகளில் விளக்கும்படி நாராயண ஐயர் வற்புறுத்துவாராம். தமக்கே புரியாவிட்டால் உலகில் வேறு யாருக்குப் புரியும் என்பது அவர் வாதம். நோட்டில் வெறும் விடைகளை எழுதிப் பழகியவருக்கு, வழியையும் எழுதிக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் ஓர் அலுவலகத் தலைமைக் கணக்கர். கணக்கியல் படிக்கும் எனக்கு இந்தச் செய்தியில் தனி மகிழ்ச்சி உண்டு. தொகை மட்டும் எழுதினால் போதாது, அது எப்படி வந்தது என்று காட்டு என்பதுதானே எங்கள் துறையின் முதல் பாடம்!

துறைமுகக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். நாராயண ஐயர் வழியாக அவரும் இந்தக் குமாஸ்தாவைக் கவனிக்கத் தொடங்கினார். 1912 நவம்பரில் மதராஸ் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் ஸ்பிரிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் அலுவலகத்தில் இருக்கும் அந்த இளைஞர் கணக்கராக மோசமானவராகவே இருக்கலாம். ஆனாலும் அவருடைய திறமைக்கு ஒரு வழி பிறக்கும்வரை அவரை மகிழ்ச்சியாக வேலையில் வைத்திருங்கள் என்பது அதன் சாரம். இலண்டனில் தமக்கு ஆசிரியராக இருந்த ஹில் என்ற பேராசிரியருக்கும் அவர் எழுதினார். ஹில் குறைகளைச் சுட்டிக்காட்டி, படிக்க வேண்டிய நூலையும் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பேக்கர், ஹாப்சன் ஆகிய இரு கணித அறிஞர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை.

மூன்றாவதாக, அந்த வேலை அவருக்கு ஒரு முகவரியைத் தந்தது. 1913 ஜனவரி 16ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தை அவர் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? தாம் மதராஸ் துறைமுகக் கழக அலுவலகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் பெறும் எழுத்தர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதை அதன் பிறகே சொல்கிறார். எந்தப் பட்டமும் இல்லாதவருக்கு அன்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே அடையாளம் அந்த வேலைதான். அதைச் சொல்வதற்கு அவர் கூச்சப்படவில்லை.

ஹார்டியின் பதில் பிப்ரவரியில் எழுதப்பட்டது. அதே மாத இறுதியில், இந்திய வானிலைத் துறையின் தலைவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவருமான கில்பர்ட் வாக்கர் மதராஸ் துறைமுகத்துக்கு வந்தார். ஸ்பிரிங் இராமானுஜனின் ஆய்வுகளை அவரிடம் காட்டினார். மறுநாளே வாக்கர் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பட்டம் பெறாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர விதியில் இடமில்லை என்ற தடை எழுந்தும், பல்கலைக்கழகம் இறுதியில் மாதம் 75 ரூபாய் வழங்க முன்வந்தது. 1913 மே மாதம் இராமானுஜன் துறைமுகத்து மேசையை விட்டு எழுந்தார். அதில் அவர் அமர்ந்திருந்தது மொத்தம் பதினான்கு மாதங்கள்.

கடல் கடந்தும் மறவாத கணக்கு

அதன் பிறகு நடந்தவை எல்லாரும் அறிந்தவை. 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்ற கப்பலில் மதராஸிலிருந்து புறப்பட்டார். கணக்கு எழுதிய அதே துறைமுகத்திலிருந்துதான் அவருடைய பயணமும் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் ஹார்டியோடு ஐந்தாண்டுகள். உலகப் போர்க் காலத்தில் மரக்கறி உணவுக்குப் பட்ட பாடு. 1917இல் பற்றிய கடும் நோய். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற மதிப்பு. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகத் தேர்வு. எஃப்.ஏ. தேறாத கும்பகோணத்து மாணவரை உலகின் தலைசிறந்த அறிவியல் கழகங்களில் ஒன்று தன் அவையில் ஏற்றது.

ஆனால் நான் குறிப்பிட விரும்புவது 1919 ஜனவரி 11ஆம் நாள் அவர் எழுதிய ஒரு கடிதம். மதராஸ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்க முடிவு செய்திருந்தது. அதற்கு நன்றி தெரிவித்து, நோயுற்ற நிலையில் இங்கிலாந்திலிருந்து பதிவாளருக்கு எழுதிய கடிதம் அது. இந்தியா திரும்பியபின் தமக்கு இவ்வளவு தொகை தேவைப்படாது என்கிறார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு போகட்டும். தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதைக் கல்விப் பணிக்கு, குறிப்பாக ஏழை மாணவர்கள், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல் வாங்கவும் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்.

உதவித்தொகை பறிபோனதால் படிப்பை இழந்தவர், தமக்கு உதவித்தொகை வந்தபோது வகுத்த வரவு செலவுக் கணக்கு அது. ஒரு காலத்தில் இருபது ரூபாய்க்கும் முப்பது ரூபாய்க்கும் விண்ணப்பம் எழுதிய கை எழுதியது என்று நினைக்கும்போது அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

அந்தப் பணத்தை நீண்ட நாள் பெறும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1919 மார்ச்சில் இந்தியா திரும்பியவர் 1920 ஏப்ரல் 26ஆம் நாள் மதராஸ் சேத்துப்பட்டில் காலமானார். ஜானகி அம்மாள் பல்கலைக்கழகம் தந்த சிறு ஓய்வூதியத்தோடு, தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் சொந்த உழைப்பில் வாழ்ந்தார். 1994இல் மறையும்வரை எழுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் தனித்து நின்றார். மேதையின் மனைவிக்கும் மாதச் செலவு என்று ஒன்று உண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நமக்கு என்ன?

இராமானுஜன் போன்ற மேதை நூற்றாண்டுக்கு ஒருவர் தோன்றுவதே அரிது. எனவே அவரைப் போல் நாமும் ஆகிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. மேதைமையை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்த மூன்று ஆண்டுகளில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை இருக்கின்றன என்பதே நான் சொல்வது.

புதிய நகரத்தில் முதல் வேலை என்பது பெரும்பாலும் நாம் கனவு கண்ட வேலையாக இருப்பதில்லை. அதை ஏற்பதா வேண்டாமா என்று மனம் தடுமாறும். திறமைக்கு ஏற்ற நாற்காலி வரும்வரை காத்திருப்போம் என்று தோன்றும். காத்திருக்க வசதி உள்ளவர்கள் காத்திருக்கலாம். இராமானுஜன் காத்திருக்கவில்லை. சிறிய நாற்காலியில் அமர்ந்தார். ஆனால் தம் நோட்டுப் புத்தகத்தை மூடிவைக்கவில்லை. இரண்டில் ஒன்றை அவர் விட்டிருந்தாலும் கதை வேறாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதுபோலவே நாராயண ஐயர்களையும் நாம் நினைக்க வேண்டும். இன்று விண்ணப்பம் போடும் நாம், இன்னும் பத்து ஆண்டுகளில் விண்ணப்பங்களைப் படிக்கும் இடத்தில் அமர்ந்திருப்போம். நம் முன்னால் வரும் கோப்புகளில் ஒன்றில் தேர்ச்சி பெறாத பாடங்களும், இடையில் விட்டுப்போன ஆண்டுகளும் இருக்கும். அதை ஒதுக்கிவைப்பது எளிது. அந்த இளைஞர் கையில் வைத்திருக்கும் நோட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் கேட்டுப் பார்ப்பதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். 1912இல் மதராஸ் துறைமுகத்தில் சிலர் அப்படி நேரம் ஒதுக்கினார்கள். இராமானுஜன் நமக்குக் கிடைத்தார்.